கதவு வருது

எங்கள் மலையில் யாருக்காவது உயிர் போகும் ஆபத்து என்றால், முதல் வேலையாக வீட்டுக் கதவைக் கழற்றுவார்கள். பலா மரத்தில் செய்த ஒற்றைக் கதவு. கீல் கிடையாது. மேலும் கீழும் குழியில் பொருத்தி நிறுத்தியிருப்பார்கள். இரண்டு பேர் சேர்ந்து தூக்கினால் கையோடு வந்துவிடும். அதில் ஆளைப் படுக்கவைத்து, மூலைக்கு ஒருவராகப் பிடித்து, ஜீப் நிற்கிற சாலை முனைக்குக் கொண்டு வருவார்கள். தூரத்தில் பார்த்த யாராவது ஒருவர் "கதவு வருது" என்று குரல் கொடுப்பார். அந்தக் குரல் கேட்டதும் ஜீப்பில் இருப்பவர்கள் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. யார் வீட்டுக் கதவு என்று பார்ப்பதும் இல்லை.

ஒடுகத்தூர் பக்கம் இறங்கும் எங்கள் ஊருக்குப் பேருந்து கிடையாது. காலையில் ஒரு ஜீப், மதியம் ஒரு ஜீப். அதில் இடம் பிடித்தவன் அன்றைக்கு அதிர்ஷ்டசாலி. ஆனாலும் கதவு வந்தால் இறங்குவோம். பத்தாம் வகுப்பில் கோட்டை விட்ட கணக்குப் பரீட்சையை மறுபடி எழுதப் போன நாளில் நானே இறங்கியிருக்கிறேன். யாரோ ஒரு கிழவருக்கு நெஞ்சு வலி. அவர் போய்ப் பிழைத்துக்கொண்டார், என் பரீட்சை போய்ச் சேர்ந்தது. வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். ஆனால் இறங்காமல் இருந்திருக்கலாமே என்று ஒரு முறைகூடத் தோன்றவில்லை.

அப்படிப்பட்ட நான், சில வருடங்களுக்கு முன்பு ஒரு காலையில், என் சொந்த வீட்டுக் கதவு வந்தபோது ஜீப்பை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். அதன்மேல் கிடந்தவர் என் அக்காவின் கணவர். ஏன் இறங்கவில்லை என்று கேட்டிருந்தால் சொல்வதற்கு அன்றைக்கு என்னிடம் நல்ல பதில் இருந்தது. எட்டு மாதம் உழைத்துத் தயார் செய்த பதில் அது. இப்போது அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அப்போது நான் சாலை முனையில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். இப்போதும் வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பம், போட்டோ, ரீசார்ஜ் எல்லாம் பார்ப்பேன். அந்தக் கடைக்கு ஒயரிங் செய்து கொடுத்தவர் மாமா. அக்கா கீழே ஒடுகத்தூர்ப் பக்கத்து ஊர்க்காரரை விரும்பிக் கட்டிக்கொண்டாள். கீழே கட்டிக்கொண்ட பெண்ணுக்கு எங்கள் ஊர்க் குலசாமிப் பொங்கலில் பங்கு கிடையாது. அப்பா இரண்டு வருடம் அவளோடு பேசவில்லை. மூன்றாம் வருடம், அப்பாவுக்கு முட்டி தேய்ந்து மரம் ஏற முடியாமல் போனபோது, யாரும் கூப்பிடாமலே மாமா வந்து எங்கள் புளிய மரத்தில் ஏறி உலுக்கிக் கொடுத்தார். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் புளி பழுத்தால் வந்துவிடுவார். மரத்தின் மேலிருந்துகொண்டு என்னைக் கிண்டல் செய்வதுதான் அவருக்குப் பெரிய பொழுதுபோக்கு. "இன்னா மலைராஜா, மலைல பொறந்துட்டு மரம் ஏற கீழ இருந்து ஆளு வரணுமா?" என்பார். எனக்கு உயரம் என்றால் பயம். அது அவருக்குத் தெரியும்.

இந்த இடத்தில் வேலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நாங்கள் எல்லோரும் பிறவியிலேயே கெட்டவர்கள் என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள்.

கீழ்நாட்டுப் பணக்காரர் ஒருவர், தன்னிடம் வேலை செய்த மலைக்காரன் பெயரில் எங்கள் ஊர்ச் சரிவில் நிலம் வாங்கினார். ஓய்வு விடுதி கட்டப்போவதாகச் சொன்னார்கள். முதலில் கம்பி வேலி போட்டார். அந்த வேலி எங்கள் புளியந்தோப்புக்கும் ஊற்றுக்கும் போகிற பாதையை நடுவில் வெட்டியது. பெண்கள் குடத்தோடு ஒரு மலையைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. மனு மேல் மனு எழுதினோம். எல்லா மனுவையும் டைப் செய்தவன் நான்தான். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. அந்தக் கோபம் நியாயமான கோபம். இன்றைக்கும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

அந்த நேரத்தில்தான் என் நண்பன் திருப்பூர் பனியன் கம்பெனி வேலையை விட்டு ஊருக்குத் திரும்பினான். புதூர்நாட்டில் ஒரே விடுதியில் தங்கிப் படித்தவர்கள் நாங்கள். ஒல்லியான ஆள், குரலை உயர்த்தவே மாட்டான். பேச்சை ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிடுவான். மீதியை நாம்தான் முடிக்க வேண்டும். நாமே முடித்ததால் அது நம்முடைய கருத்து என்று ஆகிவிடும். "மனு குடுத்தா பதில் வரல. அப்ப இன்னா பண்றது..." என்று என்னைப் பார்த்தான். "நாமளே அறுத்துடணும்" என்று நான் முடித்தேன்.

பட்டப்பகலில் முப்பது பேர் போய் வேலியை அறுத்தோம். போலீஸ் வரவில்லை, வழக்கும் வரவில்லை. அன்று சாயங்காலம் பெண்கள் அந்தப் பாதையில் நேராகத் தண்ணீர் கொண்டு வந்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நாள் வேறு இல்லை. என் கல்யாணம்கூட இல்லை, அது நடக்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

அதோடு அவரவர் வீட்டுக்குப் போயிருந்தால் நாங்கள் நல்லவர்களாக இருந்திருப்போம். போகவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்தோம். சாயங்காலமானால் என் கடையில் கூடினோம். கூடிய பிறகு எதையாவது முடிவு செய்தாக வேண்டியிருந்தது. வேலி இல்லாமல் கூடி உட்கார்ந்திருப்பது சப்பென்று இருந்தது.

முதலில், கீழ்நாட்டாருக்கு இனி யாரும் நிலம் விற்கக் கூடாது என்று உறுதி எடுத்தோம். அது சரிதான். அடுத்து, அவர்கள் ஊருக்குள் வந்து வியாபாரம் செய்யக் கூடாது என்றோம். அதற்கும் ஏதோ ஒரு காரணம் சொல்ல முடிந்தது. பிறகு, அவர்கள் வீட்டில் சாப்பிடக் கூடாது, அவர்களோடு சேர்ந்து வேலை செய்யக் கூடாது என்று வந்தது. ஒவ்வொரு உறுதியும் முந்தையதைவிடக் கொஞ்சம் கனமாக இருந்தது. முந்தையதைத் தூக்கியவனுக்கு இது பெரிதாகத் தெரியவில்லை. எங்கள் பகை வேலி போட்ட அந்த ஒரு ஆளிடமிருந்து எப்போது கீழே வாழ்கிற எல்லோர் மேலும் பரவியது என்று கேட்டால், எனக்கு நாள் சொல்லத் தெரியாது. யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் உண்மை.

கீழே சொந்தம் வைத்திருப்பவர்கள் குழுவில் இருக்கலாமா என்று ஒரு நாள் பேச்சு வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடானது. "எங்க அக்கா வூட்டுக்கு இனிமே நான் போவ மாட்டேன்" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். நண்பன் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தான்.

தீவிரவாதம் என்றால் துப்பாக்கி, வெடிகுண்டு, முகத்தை மூடிய ஆட்கள் என்று நான் நினைத்திருந்தேன். எங்களிடம் இருந்ததெல்லாம் ஒரு நோட்டு, ஒரு பிரிண்டர், ஆளுக்கொரு செல்போன். யாரும் வெறி பிடித்துக் கத்தவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த எட்டு மாதம் போல நான் நிம்மதியாகத் தூங்கியதே கிடையாது. அதற்கு முன்பு எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம். கடை ஓடுமா, அப்பாவுக்குப் பிறகு என்ன செய்வது, நான் இந்த மலையில் யார், கீழே போனால் யார். பல்வலி மாதிரி எப்போதும் ஒரு நமநமப்பு. குழுவில் சேர்ந்ததும் அது நின்றுவிட்டது. எது வந்தாலும் எங்களிடம் ஒரே பதில். மழை பெய்யவில்லையா, கீழ்நாட்டார் மரம் வெட்டியதால். பையன் படிக்கவில்லையா, கீழ்நாட்டுச் சரக்கு. இப்படிப் பதில் தெரிந்தவனாக நடமாடுவதில் ஒரு சுகம் இருக்கிறது. அந்தச் சுகத்துக்காக நான் எதையும் விடத் தயாராக இருந்தேன். விட்டேன்.

மாமா ஒருமுறை கடைக்கு வந்தார். சுவிட்ச் போர்டு ஒன்று புகைந்திருப்பதாக அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். டெஸ்டரை எடுத்துக்கொண்டு நேராக உள்ளே வந்தவரைத் தடுத்தேன்.

"வேணாம் மாமா. வேற ஆள வெச்சிப் பாத்துக்கறேன்."

நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். "இன்னா மலைராஜா, கரண்ட்டுகூட மலைல புடிச்சதா இருந்தாத்தான் வேணுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, டெஸ்டரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சரி, ஒயர மட்டும் தொட்டுடாத, பேஸ் வருது, ஷாக் அடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே குழுவில் நான் சிரிக்கப் பார்த்ததை ஒரு குற்றம் போலச் சொன்னேன். அதற்கும் பாராட்டினார்கள்.

புளி பழுக்கிற பருவம் வருவதற்குச் சற்று முன்பு ஜீப்பைப் பற்றிய உறுதி வந்தது. ஜீப்புகள் மலைக்காரர்களுடையவை, ஆகவே கீழ்நாட்டாரை ஏற்றக் கூடாது. எல்லோரும் சரி என்றார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த ஒருவன் மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"கதவு வந்தா?"

நண்பன் தரையைப் பார்த்தபடி, "கதவுக்கு மட்டும் வுட்டுடலாம். அது வேற..." என்று வழக்கம் போலப் பாதியில் நிறுத்தினான். அந்த முறை அவன் எப்படி முடிக்கச் சொல்கிறான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நான் வேறு மாதிரி முடித்தேன்.

"கதவுக்குன்னு வுட்டா, நாளைக்கி ஒவ்வொருத்தனும் ஒரு கதவத் தூக்கினு வருவான்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நண்பன் சிரிக்கவில்லை. என்னை ஒரு மாதிரி பார்த்தான். அந்தப் பார்வையை அன்று நான் பொறாமை என்று எடுத்துக்கொண்டேன். அது பயம். தலைவனைவிட ஒரு படி கடுமையாகப் பேசிவிட்டால் அந்த இடத்தில் நாம்தான் தலைவன் என்பதை நான் அப்போதுதான் கண்டுபிடித்திருந்தேன். அவன் அதற்கு முன்பே கண்டுபிடித்திருந்தான் போலும். அவன் ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை.

அறிவிப்பை நானே டைப் செய்தேன். கடைசி வரியைப் பெரிய எழுத்தில் போட்டேன்: யாருக்கும் எதற்கும் விலக்கு இல்லை. லேமினேஷன் மெஷின் அப்போதுதான் புதிதாக வாங்கியிருந்தேன். இரண்டு பிரதி எடுத்து லேமினேட் செய்து, இரண்டு ஜீப்பின் முன் கண்ணாடியிலும் நானே ஒட்டினேன்.

மாமா அந்த வருடமும் வந்தார், அக்காவையும் அழைத்துக்கொண்டு. ஜீப்பில் ஏற்ற மாட்டார்கள் என்று தெரிந்து இருவரும் குறுக்கு வழியில் நடந்தே ஏறி வந்தார்கள். அப்பா என்னிடம், "நாளைக்கி மரத்தாண்ட வந்து கீழ நின்னு கயிறு புடி" என்றார். ஒவ்வொரு வருடமும் கயிறு பிடிப்பவன் நான்தான். மரம் ஏறுகிறவர் இடுப்பில் கட்டிய கயிற்றைக் கிளையில் போட்டு மறுமுனையைக் கீழே ஒருவர் பிடிப்பது எங்கள் வீட்டு வழக்கம். "எனக்கு வேலை கீது" என்றேன். மறுநாள் வேலி நிலம் சம்பந்தமாக மறுபடியும் ஒரு மனு கொடுக்கக் குழுவிலிருந்து ஐந்து பேர் கீழே போவதாக இருந்தோம். அதுவே நல்ல சாக்காகப் போயிற்று.

மறுநாள் காலை ஜீப் நிரம்பியிருந்தது. முன்னால் டிரைவரும், பக்கத்தில் நானும் நண்பனும். பின்னால் குழுவில் மூன்று பேர், அவர்களோடு ஊர்க்காரர்கள் ஆறேழு பேர், புளி மூட்டையோடு ஒரு பெண். இன்னும் ஒரு ஆள் வரட்டும் என்று டிரைவர் காத்திருந்தார். அப்போது பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள், "கதவு வருது."

பழக்கத்தில் என் கை தானாகக் கைப்பிடிக்குப் போனது. அப்புறம்தான் பார்த்தேன். அது எங்கள் கதவு. அதில் சின்ன வயதில் நான் ஆணியால் கீறிய ஒரு கோடு இருக்கும். முன் மூலையில் அப்பா, தேய்ந்த முட்டியோடு. மறுமூலையில் அக்கா. பின்னால் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர். மாமா அதன்மேல் நேராகப் படுத்திருந்தார். ரத்தமே இல்லை. கண் திறந்திருந்தது. கயிறு பிடிக்க ஆள் இல்லாமல் கயிறு கட்டாமலே ஏறியிருக்கிறார். பட்டுப்போன கிளை முறிந்துவிட்டது.

"கால் எங்க கீதுன்னே தெர்ல" என்று அவர் அக்காவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. பிறகு தலையைத் திருப்பி ஜீப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. "பயப்படாத, தோ தம்பி கீறான்" என்றார்.

டிரைவர் இன்ஜினை அணைத்தார். ஒரு காலை வெளியே வைத்தார். பிறகு கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார், காலை உள்ளே இழுத்துக்கொண்டார். நண்பன் என்னைப் பார்த்தான். நான் கண்ணாடியைப் பார்த்தேன். வெயில் பட்டு, என் வரி தாளின் பின்பக்கத்தில், வலமிருந்து இடமாகத் தெரிந்தது. இவன் இறங்கினால் நான் இறங்குவேன் என்று நினைத்தேன். டிரைவர் வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னால்கூடப் போதும் என்று நினைத்தேன். யாராவது என்னைச் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். இறங்குவதற்கு எனக்குக் கால் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன.

பின்னாலிருந்து அந்தப் புளி மூட்டைப் பெண் மட்டும் இறங்கினாள். "இறங்குங்கபா, இன்னா பாத்துனு கீறீங்க?" என்றாள். ஊர்க்காரர்கள் குழு ஆட்களைப் பார்த்தார்கள். குழு ஆட்கள் என் முதுகைப் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். ஒரு ஆள் இறங்கிய இடத்தில் ஒரு கதவை வைக்க முடியாது.

அக்கா கதவைப் பிடித்த கையை விடாமல் என் பக்கம் வந்து நின்றாள். "தம்பி, பலகை வெக்க எடம் வுடுடா" என்றாள். ஒரே ஒரு முறைதான் கேட்டாள்.

நண்பன் மெதுவாக, "நூத்தியெட்டுக்குப் போன் பண்ணீங்களா?" என்று கேட்டான். பக்கத்து வீட்டுக்காரர், வண்டி அடிவாரம் வரைக்கும்தான் வருமாம், மலை ஏறாதாம் என்றார். அப்போது நான் பேசினேன். அன்று நான் பேசியது அது ஒன்றுதான். ஏதோ உதவி செய்கிறவன் போல, நல்ல யோசனை சொல்கிறவன் போலப் பேசினேன்.

"குறுக்கு வழில தூக்கினு போனா சீக்கிரம் போய்டலாம்."

அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. "தூக்குங்கபா" என்றார் மற்றவர்களிடம்.

குறுக்கு வழி ஒரு ஆள் போகிற அகலம்தான். பாறைக்கு நடுவில் கதவு நுழையாது. அதனால் கதவைச் சாலையோரம் வைத்துவிட்டு, கம்பளியை மூங்கிலில் தூளி மாதிரிக் கட்டி, அதில் மாமாவைப் போட்டார்கள். தூக்கியதும் அவர் உடம்பு நடுவில் மடிந்து தொங்கியது. அவர் போட்ட சத்தத்தை எழுத எனக்குத் தைரியம் இல்லை. புளி மூட்டைப் பெண் மூட்டையை அப்படியே போட்டுவிட்டு மூங்கிலின் பின்முனையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் எங்களுக்கும் ஒரு சொந்தமும் இல்லை.

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். பின்னால் ஒரு இடம் காலியாக இருந்தது. கடைசி வரைக்கும் அதில் யாரும் நகர்ந்து உட்காரவில்லை. அடிவாரத்தில் ஆம்புலன்ஸ் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மலையைப் பார்த்து நின்றது. நாங்கள் அதைத் தாண்டிப் போய் மனு கொடுத்தோம்.

மாமாவின் உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே எதுவும் வேலை செய்யவில்லை. நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா என்னைத் தாண்டி வேறு யாரையோ தேடுவது போலப் பார்த்தாள். அப்பாதான் வராந்தாவில் வைத்துப் பேசினார்.

"பலகைல வெச்சி எடுத்தாந்திருக்கலாமேன்னு டாக்டர் கேட்டாரு. பலகை இருந்திச்சின்னு சொன்னேன். அப்பால ஏன்னு கேட்டாரு. நான் இன்னாடா சொல்றது?"

கால் விழுந்ததிலேயே போயிருக்கலாம், தூக்கி வந்த விதத்திலும் போயிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னாராம். அந்த ஒரு வார்த்தையைப் பல வாரம் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். சந்தேகமே கூடாது என்று எட்டு மாதம் திரிந்தவனுக்குக் கடைசியில் ஒதுங்க ஒரு சந்தேகம்தான் கிடைத்தது. ஆனால் கயிற்றைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை.

இதைவிடக் கேவலமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் குழுவில் என் போட்டோவைப் போட்டார்கள். சொந்த மாமனுக்கே விலக்குக் கொடுக்காதவன் என்று எழுதினார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு அதைப் படித்தேன். எனக்குள் எங்கோ ஓர் ஓரத்தில் அது இனித்தது. அந்த இனிப்புத்தான் என்னைப் பயமுறுத்தி அதிலிருந்து வெளியே தள்ளியது. அது மட்டும் இல்லாமல் வெறும் குற்ற உணர்ச்சியாக இருந்திருந்தால் அதற்கும் ஒரு பதில் கண்டுபிடித்திருப்பேன்.

சில நாள் கழித்து நண்பன் பையோடு கடைக்கு வந்தான். திரும்பவும் திருப்பூருக்குப் போவதாகச் சொன்னான்.

"நீ இறங்கியிருந்தா நானும் இறங்கியிருப்பேன்டா" என்றான். "விலக்கு வேணான்னு சொன்னவன் நீ. உன் முன்னாடி நான் எப்டி இறங்குறது?"

இந்த முறை வாக்கியத்தை அவனே முடித்திருந்தான். நான் அவனுக்காகக் காத்திருந்தேன், அவன் எனக்காகக் காத்திருந்தான், டிரைவர் எங்கள் இருவருக்காகவும் காத்திருந்தார். எங்கள் கொள்கையில் அன்றைக்கு ஒருவருக்கும் முழு நம்பிக்கை இல்லை. ஆனாலும் அது வேலை செய்தது.

கதவு சாலையோரமே கிடந்தது. அப்பா அதை எடுத்து வரவில்லை. வாசலில் பாயைத் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தார். ஒன்பதாம் நாள் நான் ஒரு ஆளாக அதை முதுகில் சுமந்துகொண்டு போய் மாட்டினேன். அப்பா பாயைச் சுருட்டி வைத்தார்.

குழு கலைந்துவிடும் என்று நினைத்தேன். கலையவில்லை. எங்களைவிட வயது குறைந்தவர்கள் கைக்குப் போனது. அவர்கள் மரியாதையாகப் பேசுகிறார்கள், என்னை அண்ணா என்கிறார்கள். ஒரு நாள் புது அறிவிப்பு ஒன்றைப் பிரிண்ட் போடக் கொண்டுவந்தார்கள். கீழே சொந்தம் வைத்திருக்கும் வீடுகளின் பட்டியல் அது. மெஷின் ரிப்பேர் என்றேன். "பரவால்லண்ணா" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். இரண்டு நாளில் அந்தத் தாள் ஜீப் கண்ணாடிக்கு வந்துவிட்டது. கீழே ஒடுகத்தூரில் போய் அச்சடித்திருக்கிறார்கள். பட்டியலில் எங்கள் வீடும் இருந்தது. கடைசி வரி என்னுடையது, ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. இப்போதெல்லாம் சாலை முனையில் அவர்களில் யாராவது இருவர் எப்போதும் நிற்கிறார்கள். யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்று போனில் குறித்துக்கொள்கிறார்கள். கதவு வந்து நாளாயிற்று. ஊரில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையா, அல்லது யாரும் கதவைக் கழற்றுவதில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது.

போன மாதம் அக்கா மேலே வந்தாள். அந்த நாளுக்குப் பிறகு இதுதான் முதல் முறை. அப்பாவைத் தன்னோடு வைத்துக்கொள்ள அழைத்துப் போக வந்திருந்தாள். வாசலில் நின்று, கதவைக் கையால் தடவிப் பார்த்தாள். ஆணிக் கீறலில் அவள் விரல் நின்றது.

"பலகை நல்லாத்தானே கீது" என்றாள்.

அப்பாவின் துணி மூட்டையை நான் தூக்கிக்கொண்டேன். அவள் தடுக்கவில்லை. அது எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. சாலை முனையில் மதிய ஜீப் நின்றிருந்தது. அதே டிரைவர். குழுப் பிள்ளைகள் இருவர் போனோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் அவர்களைப் பார்க்காமல், கண்ணாடித் தாளையும் பார்க்காமல், "ஏறுமா" என்றார். அக்கா அப்பாவைக் கைகொடுத்து ஏற்றினாள், தானும் ஏறினாள். நான் மூட்டையை வைத்துவிட்டு, இன்றைக்காவது கூடப் போய் மாமாவைப் பார்க்க வேண்டும் என்று எதிர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தக் காலைக்குப் பிறகு இப்போதுதான் நேராகப் பார்க்கிறாள். குரலில் கோபமே இல்லை.

"எறங்கு தம்பி."

வண்டியில் எங்கள் மூன்று பேரைத் தவிர யாரும் இல்லை. நான் இறங்கினேன்.